பென்ஸ்நிடசோல் மாத்திரை: ஒட்டுண்ணியைக் கொல்கிறது, இதயத்தைக் காக்கிறதா?

பென்ஸ்நிடசோல் 100 மில்லிகிராம் மாத்திரை பார்வைக்கு மிக எளியது. வெள்ளை நிறம், வட்ட வடிவம், இரு பக்கங்களிலும் கூட்டல் குறிபோல ஓடும் வெட்டுக்கோடுகள். கோட்டின் மீது விரலால் அழுத்தினால் மாத்திரை பாதியாகிறது, பாதி கால் பங்காகிறது. எடைக்குத் தகுந்தபடி அளவைக் குறைத்துக் கொடுக்க வசதியாகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கென 12.5 மில்லிகிராம் மாத்திரை தனியாக உண்டு. விழுங்க இயலாத குழந்தைக்கு அதைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டலாம். அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றும் எனக்கு, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்து, அதை உட்கொள்ளும் முறையை விளக்கும் பொறுப்பு இருக்கிறது. சாகஸ் நோயின் ஒட்டுண்ணியைக் கொல்வதற்காக உருவாக்கப்பட்ட இந்த மருந்து, அந்த நோய் கடைசியில் சிதைக்கின்ற உறுப்பான இதயத்தைக் காப்பாற்றுகிறதா என்பதே இந்த மதிப்பீட்டில் நான் ஆராய விரும்பும் கேள்வி. காலத்தோடு கொடுத்தால் காப்பாற்றுகிறது, தாமதித்தால் அதன் பயன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்பது என் முடிவு. இதற்கான காரணம் மாத்திரையின் தரத்தில் இல்லை. ஒட்டுண்ணியைக் கண்ட உடல் பல பத்தாண்டுகளாக இதயத்துக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும் நோயெதிர்ப்புச் சமிக்ஞைகளில் இருக்கிறது. ஆகவே, அந்தச் சமிக்ஞைகளைப் பற்றிப் பேசாமல் இந்த மருந்தை மதிப்பிட முடியாது.

நோயைப் பற்றி முதலில் சில செய்திகள். பிரேசிலின் மீனாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் லசான்ஸ் என்ற சிற்றூரில், 1909 ஏப்ரல் 14 அன்று, கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர் பெரெனிஸ் என்ற இரண்டு வயதுச் சிறுமியின் இரத்தத்தில் ஒரு புதிய ஒட்டுண்ணியைக் கண்டார். தம் ஆசான் ஒஸ்வால்டோ குரூஸின் பெயரால் அதற்கு ட்ரிபனோசோமா குரூசி என்று பெயரிட்டார். மண்சுவர் வீடுகளின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து இரத்தம் குடிக்கும் ட்ரையடோமின் பூச்சி அதைப் பரப்புகிறது. பிரேசிலில் பார்பெய்ரோ என்றும், ஆர்ஜென்டினாவிலும் பொலிவியாவிலும் வின்சூக்கா என்றும் அந்தப் பூச்சியை அழைக்கிறார்கள். பூச்சி கடித்த இடத்தருகே இடும் எச்சத்தில்தான் ஒட்டுண்ணி இருக்கிறது. சொறியும்போது அது காயத்தின் வழியாகவோ கண்ணின் வழியாகவோ உள்ளே நுழைகிறது. தாயிடமிருந்து கருவுக்கும், இரத்தம் ஏற்றும்போதும், மாசுபட்ட கரும்புச் சாறு, அசாயிப் பழச்சாறு போன்றவற்றின் வழியாகவும் இது பரவும். இன்று உலகில் 60 முதல் 70 லட்சம் பேரிடம் இந்த ஒட்டுண்ணி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது.

இவர்கள் அனைவருக்கும் இதயம் கெடுவதில்லை. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே, அதுவும் தொற்று ஏற்பட்டு 10 முதல் 30 ஆண்டுகள் கழித்து, இதய நோய் வெளிப்படுகிறது. முதல் நோயாளியான பெரெனிஸ் 70 வயதைக் கடந்து வாழ்ந்தார். முதுமையிலும் அவருடைய இரத்தத்திலிருந்து அதே ஒட்டுண்ணி பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் சாகஸ் இதய நோய் அவரைத் தொடவில்லை. அதே ஊரில், அதே பூச்சியிடம் கடிபட்ட இன்னொருவர் நாற்பது வயதில் வயலில் சுருண்டு விழுந்து இறந்துபோகிறார். ஒட்டுண்ணி ஒன்றாக இருக்க, விதி இப்படி இரண்டாகப் பிரிவது ஏன் என்பது இந்தத் துறையின் மையக் கேள்வி. அதற்குக் கிடைத்திருக்கும் விடையின் பெரும்பகுதி நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சுட்டுகிறது.

ஒட்டுண்ணி உடலுக்குள் நுழைந்ததும் இதயத்தசை அணுக்கள் உட்படப் பலவகை அணுக்களுக்குள் புகுந்து, வாலில்லாத உருண்டை வடிவம் எடுத்துப் பெருகத் தொடங்குகிறது. அதன் மேற்பரப்பில் உள்ள கொழுப்புச் சர்க்கரை நங்கூரங்களை நம் அணுக்களின் டிஎல்ஆர்2 என்ற ஏற்பியும், அதன் மரபுப்பொருளை டிஎல்ஆர்9 என்ற ஏற்பியும் அடையாளம் காண்கின்றன. அங்கிருந்து சமிக்ஞைத் தொடர் ஆரம்பமாகிறது: விழுங்கணுக்கள், கிளையணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் ஐஎல்-12 என்ற சைட்டோகைனை, அதாவது அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதத்தை, சுரக்கின்றன, அது இயற்கைக் கொல்லி அணுக்களையும் டி அணுக்களையும் தூண்டி இண்டர்ஃபெரான் காமாவைச் சுரக்க வைக்கிறது, இண்டர்ஃபெரான் காமாவும் டிஎன்எஃப் என்ற மற்றொரு சைட்டோகைனும் சேர்ந்து விழுங்கணுக்களில் நைட்ரிக் ஆக்சைடை உற்பத்தி செய்ய வைக்கின்றன, அந்த நைட்ரிக் ஆக்சைடு உள்ளே புகுந்த ஒட்டுண்ணியைக் கொல்கிறது. இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும், குறிப்பாக இண்டர்ஃபெரான் காமா இல்லாத எலிகளில், ஒட்டுண்ணி கட்டுக்கடங்காமல் பெருகி உயிரைக் குடித்துவிடுகிறது. மறுபுறம், இந்த வேகத்தை அடக்கும் ஐஎல்-10 இல்லாத எலிகள், இரத்தத்தில் ஒட்டுண்ணி குறைவாக இருந்தும், தம் சொந்த அழற்சியின் தீவிரத்தாலேயே மடிகின்றன. அளவு மீறிய அழற்சியும் போதாத அழற்சியும் ஒருசேர உயிருக்கு ஆபத்து என்பதை இந்த இரண்டு சோதனைகளும் தெளிவாக்குகின்றன.

தொற்றிய புதிதில் வரும் கடும்நிலையில் இறந்த ஒருவரின் இதயத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், தசை அணுவின் நடுவே நூற்றுக்கணக்கான ஒட்டுண்ணிகள் நெருக்கியடித்துக் கிடக்கும் கூட்டைக் காணலாம். பல பத்தாண்டு கடந்த நோயாளியின் இதயத் திசு வேறு விதமானது. தசை இழைகளுக்கு இடையே நிணநீர் வெள்ளணுக்கள் திரள்திரளாக நிற்கும், அவற்றில் தொற்றுள்ள அணுக்களைக் கொல்லும் சிடி8 டி அணுக்களே அதிகம். இழைகள் சில இடங்களில் மெலிந்தும் அறுந்தும் கிடக்கும். அவற்றின் இடத்தை வெளிறிய கொலாஜன் தழும்பு நிரப்பியிருக்கும். ஒட்டுண்ணியை மட்டும் எவ்வளவு தேடினாலும் பெரும்பாலும் காண முடியாது. இப்படி எதிரி கண்ணில் படாமலே போர் நடந்துகொண்டிருந்த காட்சிதான் நெடுங்காலம் ஆய்வாளர்களைக் குழப்பியது. ஒட்டுண்ணி அழிந்துவிட்டது, இது உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோயாக மாறிவிட்டது என்று ஒரு சாரார் வாதிட்டனர். அதற்குச் சான்றும் இருந்தது: ஒட்டுண்ணியின் பி13 என்ற புரதத்தை அறியும் டி அணுக்கள் நம் இதயத்தின் மயோசின் புரதத்தையும் தவறாக அடையாளம் காண்பதை சாவ் பாவ்லோ ஆய்வாளர்கள் காட்டினர், இதயத்தின் பீட்டா-1 ஏற்பிக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் நோயாளிகளிடம் கண்டறியப்பட்டன. இந்த வாதம் மேலோங்கியிருந்த காலத்தில், நாள்பட்ட நோயாளிக்கு ஒட்டுண்ணிக் கொல்லி மருந்தைக் கொடுத்துப் பயனில்லை என்ற எண்ணமும் மருத்துவர்களிடையே வேரூன்றியது. பென்ஸ்நிடசோல் பல ஆண்டுகள் அலமாரியில் உறங்கிக் கிடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மரபுப்பொருளின் மிகச் சிறிய தடயத்தையும் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை வந்த பிறகு நிலைமை மாறியது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியின் மரபுப்பொருளும் புரதங்களும் அழற்சி கொண்ட அதே இதயத் திசுவில் இருப்பது உறுதிப்பட்டது. இதய மாற்று அறுவை செய்துகொண்ட சாகஸ் நோயாளிகளுக்கு, புதிய இதயத்தை உடல் நிராகரிக்காதிருக்க நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்துகளைக் கொடுத்தவுடன், பல பத்தாண்டுகளாக அடங்கியிருந்த ஒட்டுண்ணி மீண்டும் பெருகிப் புதிய இதயத்தையும் தாக்குவதைப் பிரேசில் மருத்துவர்கள் கண்டனர். எச்ஐவி முற்றிய நோயாளிகளிலும் இதுவே நிகழ்கிறது. ஒட்டுண்ணி உடலை விட்டு ஒருநாளும் வெளியேறவில்லை. நோயெதிர்ப்புச் சமிக்ஞைகள் அதை நாள்தோறும் அடக்கிக்கொண்டிருந்தன, அந்த அடக்குமுறைக்கான விலையை இதயம் செலுத்திக்கொண்டிருந்தது. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒட்டுண்ணியின் நீடித்த இருப்பையே அடிப்படைக் காரணமாகக் கொள்கின்றனர், தன்னெதிர்ப்பை அதன் மேல் சேரும் கூடுதல் சேதமாகக் கருதுகின்றனர். என் கருத்தும் இதுவே.

அந்த விலை எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாத்திரையால் எதைத் திருப்ப முடியும், எதைத் திருப்ப முடியாது என்பது அதில்தான் இருக்கிறது. இதய நோய் முற்றியவர்களின் இரத்தத்தில் இண்டர்ஃபெரான் காமாவும் டிஎன்எஃபும் மிகுந்தும், நோய் வெளிப்படாதவர்களுடன் ஒப்பிடும்போது ஐஎல்-10 குறைந்தும் காணப்படுகின்றன. சிசிஎல்5, சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 போன்ற ஈர்ப்புப் புரதங்கள் இதயத் திசுவிலிருந்தே வெளிப்பட்டு மேலும் மேலும் டி அணுக்களை உள்ளே அழைக்கின்றன. வந்து சேரும் அணுக்கள் ஒட்டுண்ணி புகுந்த தசை அணுவைக் கொல்கின்றன, அருகிலிருக்கும் நல்ல அணுவும் அந்தத் தாக்குதலில் சேதமடைகிறது. இதைவிட நுட்பமான சேதமும் உண்டு. வளர்ப்பில் உள்ள மனித இதயத்தசை அணுக்களுக்கு இண்டர்ஃபெரான் காமாவையும் டிஎன்எஃபையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லாத நிலையிலும், அணுக்களின் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் உற்பத்தியில் தளர்ந்துபோயின. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்கி விரிய வேண்டிய தசைக்கு ஆற்றல் குறைவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. அழற்சி ஓரளவு தணியும் இடங்களில் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞை மேலோங்கி, நாரணுக்களைத் தூண்டிக் கொலாஜனைக் குவிக்கிறது. தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இசிஜியில் இதய மின்பாதையின் வலது கிளைத் தடையும் இடது முன்கிளைத் தடையும் சேர்ந்து தோன்றுகின்றன. இதயத்தின் நுனி மெலிந்து பலூன்போல் புடைக்கிறது. அந்தப் புடைப்பில் இரத்தம் உறைந்து, உறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்குகிறது. தழும்பைச் சுற்றிச் சுழலும் மின்னலைகள் திடீர் மரணத்துக்கு வழிவகுக்கின்றன.

இனி மருந்துக்கு வருவோம். பென்ஸ்நிடசோலை ரோஷ் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியது. இது உட்கொள்ளும்போது செயலற்ற நிலையில் இருக்கும். ஒட்டுண்ணியிடம் உள்ள நைட்ரோ ரிடக்டேஸ் என்ற நொதி அதைச் செயல்படுத்தி, ஒட்டுண்ணிக்கே நஞ்சாக்குகிறது. மனித அணுக்களில் இத்தகைய நொதி இல்லை என்பதால், நஞ்சு பெரும்பாலும் ஒட்டுண்ணிக்குள்ளேயே பிறக்கிறது. இது அழகான வேதியியல். ஆனால் மருந்தகத்தில் பலர் அறியாத ஒரு செய்தியும் உண்டு: இந்த மாத்திரை தனியாக வேலை செய்வதில்லை. இண்டர்ஃபெரான் காமா இல்லாத எலிகளுக்கு பென்ஸ்நிடசோலைக் கொடுத்தபோது ஒட்டுண்ணியை முழுமையாக ஒழிக்க முடியவில்லை என்று 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. டி அணுக்கள் குறைந்த எலிகளிலும் இதன் வீரியம் குன்றியது. அதாவது, இதயத்தைத் தேய்க்கும் அதே சமிக்ஞைதான் மருந்துக்குத் துணைநின்று ஒட்டுண்ணியை முடித்துவைக்கிறது. நோயெதிர்ப்பை ஒடுக்கிவிட்டு மாத்திரையைக் கொடுப்பதும், மாத்திரையைக் கொடுக்காமல் நோயெதிர்ப்பை மட்டும் அப்படியே விடுவதும் இதயத்துக்கு நல்லதல்ல என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

பலன் எப்படி இருக்கிறது? குழந்தைகளிடம் மிக நன்று. பிரேசிலின் கோயாஸ் மாநிலத்தில் 7 முதல் 12 வயதுவரையுள்ள 129 பள்ளிக் குழந்தைகளிடம் நடந்து, 1996-இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 58 விழுக்காட்டினருக்கு ஒட்டுண்ணிக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மறைந்தன. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கே அப்படி நிகழ்ந்தது. பிறவியிலேயே தொற்று பெற்று, முதல் ஆண்டுக்குள் மருந்து தொடங்கப்பட்ட குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். அழற்சி இதயத்தில் தழும்பை வரையத் தொடங்குமுன் தூண்டுதலே நீக்கப்பட்டுவிடுவதால், இந்தக் குழந்தைகளுக்கு மாத்திரையின் முழுப் பயனும் கிடைக்கிறது. இந்த வயதினரைப் பொறுத்தவரை, இதைவிடச் சிறந்த மருந்தை எதிர்பார்ப்பதற்கு எனக்கு எந்தக் காரணமும் தோன்றவில்லை.

நடுவயதினரில், இதயச் செயலிழப்பு இல்லாதவர்களைக் கவனித்த ஆர்ஜென்டினா ஆய்வு 2006-இல் வெளியானது. 566 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு நெருக்கமாகப் பின்தொடர்ந்ததில், நோய் முற்றியது மருந்து பெற்றவர்களில் 4 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 14 விழுக்காட்டினருக்கும். ஆனால் அது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்பட்ட சோதனை அன்று. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பெனிஃபிட் என்ற பெரிய சோதனை நடத்தப்பட்டது. ஆர்ஜென்டினா, பொலிவியா, பிரேசில், கொலம்பியா, எல் சல்வடோர் ஆகிய ஐந்து நாடுகளில், ஏற்கெனவே இதயம் பாதிக்கப்பட்ட 2,854 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, சராசரியாக 5.4 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2015-இல் வந்தது. இறப்பு, இதயத்துடிப்பு நின்று மீட்கப்படுதல், பேஸ்மேக்கர் பொருத்துதல், புதிய இதயச் செயலிழப்பு, பக்கவாதம் முதலிய நிகழ்வுகள் மருந்து பெற்றவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை பெற்றவர்களில் 29.1 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன. வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. ஆயினும் ஒட்டுண்ணியின் மரபுப்பொருள் இரத்தத்திலிருந்து மறைவது மருந்துக் குழுவில் தெளிவாக மிகுந்திருந்தது: சிகிச்சை முடிவில் 66.2 விழுக்காடு, போலி மாத்திரைக் குழுவில் 33.5 விழுக்காடு.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கிறது, ஒட்டுண்ணி குறைந்திருக்கிறது. அப்படியிருந்தும் ஐந்தாண்டுகளில் இதயத்தின் போக்கு மாறவில்லை. சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 55-ஐ ஒட்டியிருந்தது. அவர்களுடைய இதயங்களில் தழும்பு ஏற்கெனவே படிந்திருந்தது, அழற்சிச் சமிக்ஞைகள் தம் வேலையை முன்பே முடித்திருந்தன. கொலாஜனாக மாறிப்போன தசையை எந்த ஒட்டுண்ணிக் கொல்லியாலும் மீண்டும் தசையாக்க முடியாது. இந்த முடிவை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று எழுதியவர்களுடன் நான் உடன்படவில்லை. தாமதமாகக் கொடுக்கும் முறை தோற்றது என்பதே சரியான வாசிப்பு என்று நம்புகிறேன். ஐந்தாண்டு என்பது, முப்பது ஆண்டு எடுத்து முற்றும் நோய்க்குக் குறுகிய காலம் என்பதையும் மறக்கலாகாது.

மாத்திரை அழற்சியை அடக்குகிறதா என்றால், ஓரளவு அடக்குகிறது. நாள்பட்ட நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த பின்னர், ஒட்டுண்ணியைக் கண்டதும் இண்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும் டி அணுக்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைவதைப் புவெனஸ் ஐரிஸ் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர். தூண்டுதல் குறைந்தால் எதிர்வினையும் குறைகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

பயன்படுத்துவோரின் அனுபவம் என்று பார்த்தால், இதை எளிதான மருந்து என்று சொல்ல மாட்டேன். பொதுவான முறை, நாளுக்கு இரு வேளையாக, 12 மணி நேர இடைவெளியில், 60 நாட்கள். முதல் வாரம் பெரும்பாலோர்க்கு அமைதியாகக் கழியும். பத்தாம் நாள் வாக்கில் கைகளிலும் மார்பிலும் செந்நிறத் தடிப்பும் அரிப்பும் தோன்றும். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது வருகிறது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் வெயிலில் நின்று அந்த அரிப்பைப் பொறுத்துக்கொள்வது கடினம். சிலருக்குப் பசி குன்றி எடை குறையும். சிகிச்சையின் பிற்பகுதியில் உள்ளங்கால்களில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றினால், அது நரம்புச் சேதத்தின் அறிகுறி, அப்போது மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று இரத்தப் பரிசோதனையும் இடையிடையே செய்ய வேண்டும். மது அறவே கூடாது. கருவுற்றிருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. குழந்தைகள் இந்தப் பக்கவிளைவுகளைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது ஆறுதல். பெரியவர்களில் குறிப்பிடத்தக்க ஒரு பகுதியினர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். தடிப்பு வந்தாலும் பெரும்பாலும் அரிப்புத் தணிப்பு மாத்திரையோடும் மருத்துவரின் கண்காணிப்போடும் தொடர முடியும் என்று முதல் நாளே எடுத்துச் சொன்னால் பலர் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சை எந்த மருந்தகமும் தவிர்க்கக் கூடாது.

பெரிய குறை ஒன்று உண்டு. முழுச் சுற்றையும் சிரமப்பட்டு முடித்த ஒரு பெரியவர், நான் குணமடைந்துவிட்டேனா என்று கேட்டால், உறுதியாகப் பதில் சொல்லத் தக்க சோதனை இல்லை. பிறபொருளெதிரிகள் மறையப் பெரியவர்களுக்கு பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகும். பிசிஆர் சோதனையில் ஒட்டுண்ணி தெரிந்தால் சிகிச்சை தோற்றது என்று சொல்லலாம். தெரியாவிட்டால் வென்றது என்று சொல்ல முடியாது, ஏனெனில் ஒட்டுண்ணி திசுக்களுக்குள் பதுங்கிக் கிடக்கலாம். பெருகாமல் உறங்கும் ஒட்டுண்ணிகள் மருந்துக்குத் தப்பிப் பின்னர் விழிப்பதை 2018-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. இதயத்திலும் குடலிலும் எங்கோ சில அணுக்களில் அவை மறைந்திருந்தால், நோயெதிர்ப்புச் சமிக்ஞைகளும் அங்கே தொடர்ந்துகொண்டிருக்கும்.

சிகிச்சைக் காலத்தைக் குறைக்க முடியும் என்ற நம்பிக்கை பொலிவியாவில் நடந்த பெண்டிட்டா சோதனையால் பிறந்திருக்கிறது. 2021-இல் வெளியான அதன் முடிவின்படி, நாளுக்கு 300 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரம் மட்டும் எடுத்தவர்களிடமும், எட்டு வாரம் எடுத்தவர்களிடமும், இரத்தத்தில் ஒட்டுண்ணி தொடர்ந்து தென்படாதிருந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே, 80 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. போலி மாத்திரைக் குழுவில் அது 3 விழுக்காடு. தடிப்பு தொடங்கும் நாட்களை ஒட்டியே சிகிச்சை முடிந்துவிடுமானால், இந்த மருந்தின் மீதான பெரும்பாலான புகார்கள் மறைந்துவிடும். சிறிய சோதனை என்பதால் வழிகாட்டு நெறிகள் இன்னும் முழுமையாக மாறவில்லை. மாற வேண்டும் என்று விரும்புகிறேன்.

மருந்து கிடைப்பதும் ஒரு தனிக் கதை. ரோஷ் நிறுவனம் உற்பத்தி உரிமையை 2003-இல் பிரேசிலின் பெர்னாம்புகோ மாநில அரசு மருந்து ஆய்வகத்துக்கு அளித்தது. உலகம் முழுவதற்கும் ஒரே உற்பத்தியாளரை நம்பியிருந்ததால் 2011-இல் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதன்பின் 2012-இல் ஆர்ஜென்டினாவில் இரண்டாவது உற்பத்தி தொடங்கியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 ஆகஸ்டில் 2 முதல் 12 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு ஒப்புதல் அளித்தது. பெரியவர்களுக்கு மருத்துவர்கள் தம் பொறுப்பில் எழுதிக் கொடுக்கிறார்கள். மாற்று மருந்தான நிஃபர்டிமாக்ஸும் அதே நைட்ரோ ரிடக்டேஸ் நொதியை நம்பியே செயல்படுகிறது. வயிற்றுக் கோளாறும் எடை இழப்பும் அதில் அதிகம். பென்ஸ்நிடசோலைத் தாங்க முடியாதவர்களுக்கு மட்டுமே நான் அதை நினைப்பேன்.

நோய் முற்றியவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, ஒட்டுண்ணியைக் கொல்லும்போதே அழற்சியையும் பக்குவமாகத் தணிக்கும் கூட்டுச் சிகிச்சை. ரியோ டி ஜெனிரோவில் உள்ள ஒஸ்வால்டோ குரூஸ் நிறுவன ஆய்வாளர்கள், டிஎன்எஃப் சமிக்ஞையைத் தணிக்கும் பென்டாக்ஸிஃபிலின் என்ற பழைய மருந்தை பென்ஸ்நிடசோலோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்து, இதயக் கோளாறுகள் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். எலியில் கண்டது மனிதரிடமும் நிகழுமென்று உறுதி சொல்ல முடியாது என்றாலும், சிந்தனைப் போக்கு சரியானது. அழற்சியை முழுவதுமாக அணைத்தால் என்ன ஆகும் என்பதை இதய மாற்று நோயாளிகள் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள். அவர்களுடைய புதிய இதயத்தில் வெள்ளணுக்கள் திரண்டால், அது உறுப்பு நிராகரிப்பா, ஒட்டுண்ணி விழித்ததா என்று பிரித்தறிவதே சிரமம். நிராகரிப்பு என்று எண்ணி ஒடுக்கு மருந்தைக் கூட்டினால் ஒட்டுண்ணி இன்னும் வேகமாகப் பெருகும். விழித்தது ஒட்டுண்ணி என்று தெரிந்துவிட்டால், பென்ஸ்நிடசோல் அதை நன்றாகவே அடக்குகிறது. இந்தப் பயன்பாட்டில் அதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

பிறந்த குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும், புதிதாகத் தொற்று பெற்றவர்களுக்கும், நோயெதிர்ப்பு குன்றி ஒட்டுண்ணி விழித்தவர்களுக்கும் தயங்காமல் இதைப் பரிந்துரைக்கிறேன். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்குக் கருவுறுமுன்பே கொடுத்துவிட்டால் அடுத்த தலைமுறைக்குத் தொற்று செல்வது பெரிதும் தடுக்கப்படுகிறது; அவர்களையும் முதல் வரிசையில் வைப்பேன். இதய அறிகுறி இல்லாத ஐம்பது வயதுக்குட்பட்டவர்களுக்கும் கொடுப்பதே நலம். இதயம் ஏற்கெனவே பெரிதும் வீங்கித் தளர்ந்தவர்களுக்கு இந்த மாத்திரையால் கிடைக்கும் பயன் குறைவு, பக்கவிளைவோ மற்றவர்களுக்கு உள்ளது போலத்தான். அவர்களுக்கு இதயச் செயலிழப்புக்கான மருந்துகளும், தேவையானால் பேஸ்மேக்கரும், உறைவைத் தடுக்கும் மருந்தும் முன்னுரிமை பெற வேண்டும்.

மருந்துச் சீட்டு எழுதப்படுமுன் இரண்டு வெவ்வேறு முறைகளில் செய்த பிறபொருளெதிரிச் சோதனைகள் இரண்டும் தொற்றை உறுதி செய்திருக்க வேண்டும். ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது. அதோடு ஓர் இசிஜியும், அதில் மாற்றம் இருந்தால் எக்கோவும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தொற்றுள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட நோய் கண்டறியப்படுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே லத்தீன் அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிறந்து வளர்ந்தவர்கள், அல்லது அங்கே பிறந்த தாய்க்குப் பிறந்தவர்கள், எந்த நாட்டில் வாழ்ந்தாலும், இதயத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.